நாடகத்தில் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள், நானும் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆள் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 47. திருமணம் 1999-இல். கணவர் மினி லாரி ஓட்டுகிறார், இவர் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார். அப்பா 2019-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அம்மா இருக்கிறார். ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஒன்று, தாத்தா வழியில் வந்த நஞ்சை 1 ஏக்கர் 60 சென்ட், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நிலம் குத்தகையில் இருக்கிறது. தம்பி குடும்பம் அம்மாவோடு அந்த வீட்டில் இருக்கிறது. அண்ணன் வெளியூரில் கடை வைத்திருக்கிறார்.

ஊரெல்லாம் பார்த்த ஒரு குடும்பத் தொடரின் முதல் பாகம் கார்த்திகை மாதம் முடிந்திருக்கிறது. கடைசி நாள் காட்சி இது: மாலை போட்ட அப்பா படத்துக்கு முன்னால், நடுக்கூடத்தில், நாயகி முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடுகிறாள். "எனக்குச் சொத்து வேண்டாம், பிறந்த வீடு போதும்" என்கிறாள். அண்ணன்மார் அவள் காலில் விழுந்து அழுகிறார்கள். திருக்கார்த்திகைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த நம் வாசகி, எல்லோரோடும் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைன்னா இவல்லா பொம்பளப் பிள்ள!" என்றாராம். மதினி இவரைத் திரும்பிப் பார்த்தாராம். இவருக்குப் பொறுக்கவில்லை. "பெத்த அப்பன் வச்சுட்டுப் போனதை வாங்கிக்கிட்டா அவ கெட்டவளா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஓலைக்கொழுக்கட்டையை யாரும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார்.

மறுநாள் அந்தக் காட்சி யூடியூபில் வந்தபோது அதன் கீழே இவர் எழுதியது இரண்டே வரி: "எங்கள் வீட்டிலும் இந்தக் கதைதான் நடக்கிறது. அழுதுகொண்டே கொடுத்தால்தான் பெண் நல்லவளா?" அண்ணன் மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பன் வீட்டுச் சொத்துக்கு அலையுற ஆக்கங்கெட்ட கூவை" என்று பதில் போட்டிருக்கிறான். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் இவருடைய படத்தை எடுத்து ஆபாசமான வார்த்தைகளோடு பரப்பியிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. இந்த வருடம் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி, அதாவது பொங்கல் சீர், வரவில்லை. தை பிறந்ததும் அண்ணன் 100 ரூபாய் முத்திரைத் தாளோடு வந்து, "பிசான அறுப்பு முடிஞ்சதும் நிலத்தை முடிச்சிரலாம், ஆள் வந்தாச்சு, நீ ஒரு கையெழுத்துப் போட்டுரு" என்று சொல்லியிருக்கிறார். பிசானம் என்பது இந்தப் பக்கத்து நெல் போகம்.

இவருடைய கேள்விகள் நான்கு. நான் கேட்பது பேராசையா? 2020-இல் பட்டா மாற்றத்துக்காக ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன், அதோடு என் உரிமை போய்விட்டதா? நான் எழுதிய கருத்துக்காக என்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்கிறார்கள், போட முடியுமா? உடனே கோர்ட்டுக்குப் போ என்கிறார் கணவர், போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேராசை இல்லை. சட்டம் உங்களுடையது என்று சொல்வதை உங்களுடையது என்று நீங்களும் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் சட்டத்துக்குள் போகும் முன் உங்கள் கடிதத்தில் இருக்கும் இன்னொரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் என் மனதில் ஆழமாகத் தைத்த பகுதி அதுதான்.

உங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு வாரம் முழுக்க அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியே பேசினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மடியில் சுளகு, கத்தரித்து அடுக்கிய இலை, தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டும் விரல்கள் நிற்பதே இல்லை, வாய் மட்டும் நாயகியைப் பற்றிப் பேசுகிறது. "நான் எழுதிக் குடுத்தேம்லா, அவளும் குடுக்கட்டும்" என்று ஒருவர். "குடுத்த பெறகு எங்க அண்ணன் ஒரு வாய் தண்ணி குடிச்சியான்னு கேக்கலை" என்று இன்னொருவர். இருவர் வாயிலும் வந்தது தங்கள் சொந்தக் கதைதான். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். முதல் வரி நாயகியைப் பற்றி இருக்கும். மூன்றாவது வரியில் "எங்க அப்பா இறந்தப்ப" என்று ஆரம்பித்துவிடும். வீட்டுக் கூடத்தில் கேட்க முடியாத கேள்வியைப் பெண்கள் ஒரு நாடகத்தின் கீழே போய்க் கேட்டிருக்கிறார்கள். நாடகம் பார்க்கிறவர்களை இளக்காரமாகப் பேசும் வழக்கம் பலருக்கும் இருக்கிறது. பாகப்பிரிவினை என்ற ஒன்றைப் பற்றி ஊர் முழுக்க ஒரே வாரத்தில் பேச வைத்த வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் அந்தக் காட்சிதான் வாயைத் திறந்துவிட்டது. அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அந்தக் காட்சி சொல்லாமல் விட்டது

நாயகி பெருந்தன்மையானவள் என்று ஒரு பக்கம், ஏமாளி என்று ஒரு பக்கம், பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா? சொந்தக்காரர் அத்தனை பேரும் சுற்றி நிற்க, அப்பா படம் எதிரே இருக்க, எழுதிய தாளை நீட்டிப் பேனாவைக் கையில் கொடுத்தால், அவள் கொடுத்தாளா, அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்களா? தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? அது தெரியாமல் விட்டுக்கொடுப்பதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு என்று தெரிந்து, முடியாது என்று சொல்ல வழியும் இருந்து, அதற்கப்புறம் "எடுத்துக்கோங்க அண்ணே" என்று ஒருத்தி சொன்னால், அவளை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சட்டப்படியும் அந்தக் காட்சி சரியில்லை. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். அதை உரிய முத்திரைத் தீர்வை கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் நேரில் போய், எழுதிக் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, கைரேகை வைக்க வேண்டும். கூடத்தில் வைத்து 100 ரூபாய்த் தாளில் போட்ட கையெழுத்தால் பங்கு கை மாறாது.

அப்படியானால் அண்ணன் கொண்டுவந்த தாளில் போட்டுவிட்டால்தான் என்ன, சண்டை ஓயுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். கடிதத்தின் கடைசியில் அப்படி ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஒரு பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகலாம். நீங்கள் வராவிட்டாலும் உங்களை அழைக்கச் சொல்லி மனுப் போட எதிர்த்தரப்புக்கு வழி இருக்கிறது. நாளை வழக்கு என்று வந்தால், "அவள் அன்றைக்கே சம்மதித்தாள்" என்று காட்டவும் அந்தத் தாள் உதவும். படித்துப் பார்க்காத தாளிலோ, வெற்றுத் தாளிலோ, பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்று சொல்லும் தாளிலோ எதற்காகவும் கையெழுத்து வேண்டாம். உங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அனுமதிக்கும் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) என்று கேட்டாலும் இதே பதில்தான்.

இன்னொன்று. அந்தக் காட்சியில் விதவைத் தாய் ஒரு தூணோரம் நின்று அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் பங்கு உண்டு என்று நாடகத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் வரவில்லை. அண்ணன் பேசுவது உங்கள் கையெழுத்தைப் பற்றி மட்டும்தான். அம்மாவின் கையெழுத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். இதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் பங்கு எவ்வளவு

வீட்டில் சிக்கல் இல்லை. அது அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 8-ஆவது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி, ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்தே பாதி வீடுதான் வருகிறது.

"ஆம்பிளைப் பிள்ளைங்க பிரிக்கிற வரைக்கும் குடியிருக்கிற வீட்டைப் பொம்பளைங்க பிரிக்கச் சொல்ல முடியாது" என்று மதினி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. 23-ஆவது பிரிவு என்று அப்படி ஒன்று உண்மையிலேயே சட்டத்தில் இருந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். அந்தத் திருத்தம் 9-9-2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அப்பா அதற்கப்புறம்தான் காலமானார் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நிலத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று நீங்களும் உங்கள் அண்ணனும் ஒரேபோல நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தாத்தா 1974-இல் இறந்தார், அப்பா மட்டுமே வாரிசு என்கிறீர்கள். அந்த நிலத்தைத் தாத்தா தன் காசில் வாங்கியிருந்து, உயில் இல்லாமல் இறந்திருந்தால், 1956-க்குப் பிறகு வாரிசுரிமையில் வந்த சொத்து என்பதால் அது அப்பாவின் தனிச்சொத்தாகிவிடுகிறது. வீட்டைப் போலவே நாலில் ஒரு பங்கு, அதாவது உங்களுக்கு 40 சென்ட்.

தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறையிலிருந்து பிரிபடாமல் வந்த நிலம் என்றால் கணக்கு மாறும். அதில் மகன்களைப் போல மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. அப்பா, அண்ணன், நீங்கள், தம்பி என்று நாலாகப் பிரித்து, பிறகு அப்பாவின் கால் பங்கை அம்மாவும் நீங்கள் மூவரும் நாலாகப் பிரிக்க வேண்டும். அப்போது உங்களுக்குப் பதினாறில் ஐந்து பங்கு, 50 சென்ட். அண்ணன் தம்பிக்கும் தலைக்கு 50 சென்ட். அம்மாவுக்கு 10 சென்ட். இந்தக் கணக்கில் அம்மாவுக்கு எவ்வளவு குறைகிறது பாருங்கள். எது சரி என்று மூலப் பத்திரத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எப்படிப் பார்த்தாலும் 40 சென்ட்டுக்குக் குறையாது.

தமிழ்நாட்டில் 25-3-1989 அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று ஒரு மாநிலத் திருத்தம் முன்பே இருந்தது. நீங்கள் அதற்குள்ளேயே வந்துவிடுகிறீர்கள். அந்தத் தேதிக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களையும் 2005 திருத்தம் சேர்த்துக்கொண்டது. உங்கள் தெருப் பெண்களுக்கும் பயன்படும் என்பதால் இதையும் சொல்கிறேன்: பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்க, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 11-8-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 20-12-2004-க்கு முன்பே பதிவான பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

நகைக்கு வருவோம். "40 பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, அதுதான் உன் பங்கு" என்கிறார் அண்ணன். நம் பக்கத்தில் இதைக் கேட்காத பெண்ணே இருக்க மாட்டாள். சட்டத்தில் அப்படி ஒரு கழிவு இல்லை. அப்பா தன் பணத்தில் மகளுக்கு நகை போட்டார், மகனுக்குக் கடை வைக்க முன்பணம் கொடுத்தார். கடைக்குக் கொடுத்ததை யாரும் பங்கில் கழிக்கச் சொல்லவில்லையே. ஆனால் இதை உங்கள் மனசாட்சிக்காக நீங்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள விரும்பினால் அது உங்கள் விருப்பம். அதேபோல அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவைத் தம்பி ஒருவனே பார்த்தான் என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் கணக்கில் வையுங்கள். ஏழு பூவாக, அதாவது ஏழு போகமாக, வந்த குத்தகை நெல்லில் உங்களுக்கு ஒரு மரக்காலும் வரவில்லை என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

2020-இல் கொடுத்த கடிதம்

அண்ணன் தம்பி பெயருக்குப் பட்டா மாற்ற ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் பதிவாகவில்லை. அதனால் உங்கள் பங்கு போகவில்லை. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கும் பெயர், அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது, எடுத்துவிடவும் செய்யாது. இதற்கு நடைமுறையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. பட்டா தங்கள் பெயரில் இருக்கும்போது அண்ணன் ஏன் உங்கள் வாசலுக்கு வர வேண்டும்? நிலம் வாங்க வந்தவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்திருப்பார், அதில் மகள் பெயர் இருக்கும். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், தன் கட்சிக்காரருக்கு மூவரின் பங்கு மட்டுமே வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் இதைக் கிடப்பில் போடாதீர்கள். உங்களுக்குப் பங்கே கிடையாது என்று வெளிப்படையாக ஒதுக்கிவிட்டார்கள் என்றால், அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்ற கெடு ஓட ஆரம்பித்துவிடும். பதிவான பத்திரம் ஒன்றை மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று ரத்து செய்யக் கேட்பதானால் மூன்றே ஆண்டுதான். விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, "அழுகையில் போட்டுவிட்டேன்" என்று பிறகு வருகிற பெண்களுக்காக வழக்காடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடும் முன் ஒரு மாதம் யோசிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. பிசான அறுப்பு ஒரு கெடு அல்ல. அறுப்பு முடிந்தாலும் நிலம் அங்கேதான் இருக்கும்.

கருத்து எழுதியதற்கு வழக்கா

நீங்கள் எழுதிய இரண்டு வரியில் யார் பெயரும் இல்லை, ஊர் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒரு நாடகத்தைப் பற்றிய கருத்து, சொந்த அனுபவத்தைப் பற்றிய ஒரு வரி. இதில் அவதூறு வழக்கு நிற்காது. கருத்துப் போட்டாலே போலீஸ் பிடிக்கும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. அதற்குக் காரணமாக இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

உங்கள் அண்ணன் மகன் எழுதியது அசிங்கம். அத்தையைப் பார்த்துப் பேசும் பேச்சா அது? ஆனால் அதற்காகப் போலீசுக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அண்ணனிடம் நேராகக் காட்டுங்கள், அவன் வாயால் மன்னிப்புக் கேட்க வையுங்கள். அவன் வயதுக்கு அது போதும். உங்கள் படத்தை எடுத்து ஆபாச வார்த்தை எழுதிப் பரப்பிய ஆள் விஷயம் வேறு. அதை விடாதீர்கள். பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லையும் செயலையும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆவது பிரிவு குற்றம் என்கிறது. அந்தப் பதிவின் இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மகளிர் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். யூடியூபிலும் அதை நீக்கச் சொல்லிப் புகார் செய்யலாம், ஆனால் ஆதாரத்தை எடுத்து வைத்த பிறகு.

இனி என்ன செய்யலாம்

உங்கள் கணவர் உடனே வழக்குப் போடச் சொல்கிறார், வரும் பணத்தில் தென்காசி ரோட்டில் மனை வாங்கலாம் என்கிறார். அவர் அக்கறையோடு சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பங்கு உங்கள் ஒருவருடைய சொத்து. அதில் அவருக்கு உரிமை இல்லை. கேட்பதா, விடுவதா, வந்ததை என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். அண்ணன் சொல்லி எழுதிக் கொடுப்பதும் கணவர் சொல்லி வழக்குப் போடுவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இரண்டிலும் உங்களைக் காணோம்.

பாகப்பிரிவினை வழக்கில் நீங்கள் ஜெயிப்பீர்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல்நிலைத் தீர்ப்பு, அதற்கப்புறம் ஆணையர் வந்து அளந்து இறுதித் தீர்ப்பு, நடுவில் மேல்முறையீடு என்று வருடங்கள் போகும். அம்மா எழுபதைத் தாண்டியவர். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். நிலத்தை உங்களைக் கேட்காமல் விற்கப் போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, தடையுத்தரவுக்குப் போக வேண்டும். வாங்க வருகிறவருக்கும் நோட்டீசின் நகல் போகட்டும்.

அதற்கு முன் அண்ணனிடம் நீங்களே பேசிப் பாருங்கள், மதினியும் பிள்ளைகளும் இல்லாத நேரத்தில். "அண்ணே, நான் எழுதித் தர மாட்டேன்னு சொல்லலை. எனக்கு எவ்வளவு வருதுன்னு முதல்ல கணக்குப் பாப்போம். அதுக்கப்புறம் எதை விடுறது, எதை வச்சுக்கிடுறதுன்னு நான் சொல்லுதேன்." இவ்வளவு போதும். நாடகத்தில் இரண்டே வழிதான் காட்டினார்கள்: சொத்து, இல்லாவிட்டால் பிறந்த வீடு. உங்களுக்கு இன்னும் பல வழிகள் இருக்கின்றன. நிலத்தில் உங்கள் சென்ட்டை அளந்து பாகப்பிரிவினைப் பத்திரம் போடலாம். விற்பதானால் நீங்களும் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டு, உங்கள் பங்குப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலேயே வாங்கலாம். தொகை பெற்றுக்கொண்டு அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதலாம். எதுவும் வாங்காமல் எழுதிக் கொடுப்பதும் உங்கள் உரிமைதான்.

என்னைக் கேட்டால், நிலத்தில் உங்கள் பங்கை விடாதீர்கள், வீட்டை இப்போது பிரிக்கச் சொல்லாதீர்கள். தம்பி குடும்பத்தோடு அம்மா அங்கே இருக்கிறார். அம்மா காலம் வரை வீடு இப்படியே இருக்கட்டும், என் கால் பங்கு என் பெயரில் இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். பிறகு தம்பிக்கு அதை நியாயமான விலைக்கோ சும்மாவோ விடுவது பற்றி அப்போது முடிவு செய்யுங்கள். நீங்கள் திருக்கார்த்திகைக்குப் போய் உட்கார உரிமையுள்ள கூடம் அது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

பொங்கப்படி வராதது உங்களை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. சிறுகிழங்கும் பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் கடையில் வாங்கிவிடலாம், அண்ணன் கையால் வருவதை வாங்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. எழுதிக் கொடுத்தால் அடுத்த தைக்குப் படி வரும் என்ற உறுதியை யாராலும் தர முடியாது. உங்கள் தெருப் பெண் சொன்ன கதையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். எழுதிக் கொடுக்காததால் கோபித்த அண்ணன்கள் கணக்கு முடிந்ததும் தாமாகவே திரும்பி வந்த வீடுகளும் இந்தப் பக்கம் நிறைய உண்டு.

அம்மாவோடு தனியாகப் பேசுங்கள். நாயகிக்காக அழுதவரிடம், "எம்மா, ஒனக்கும் இந்த வீட்டில நாலில் ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்று கேளுங்கள். தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பங்கு அவர் பெயரில் இருக்கும் வரை அவருக்குப் பலம். மகன்களுக்கு எழுதித்தான் கொடுப்பேன் என்றால், கடைசிவரை உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து அவர்கள் பார்க்கத் தவறினால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் பகுதிக்கு அந்த மனுவைச் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அம்பாசமுத்திரம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவையோ, பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவையோ பாருங்கள். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே அண்ணனையும் தம்பியையும் அழைத்துச் சமரசம் பேச அங்கே மனுக் கொடுக்க முடியும். பேசி முடித்து லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. உங்கள் வீட்டு விஷயத்துக்கு இதுதான் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, நிலத்தின் பட்டா நகல், 2020 கடிதத்தின் நகல் இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கு வில்லங்கச் சான்று இணையத்திலேயே பார்க்கலாம், இ-சேவை மையத்தில் உதவுவார்கள். மூலப் பத்திரம் அண்ணனிடம் இருக்கிறது, கேட்டால் தர மாட்டார் என்று கவலைப்பட வேண்டாம். பத்திர எண்ணோ ஆண்டோ தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். அது கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், 40 சென்ட்டா 50 சென்ட்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.